டேக்சாவும் டிரம்மும்

ஆம்பூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருபவை இரண்டு: பிரியாணி, தோல். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். அளவுக் கணக்கு பார்ப்பவருக்கோ இரண்டும் நெருங்கிய உறவு. ஒரு பெரிய பாத்திரம். அதில் கிலோக் கணக்கில் ஒரு பொருள். அதற்கு இவ்வளவு தண்ணீர், இவ்வளவு உப்பு, இவ்வளவு புளிப்பு, இவ்வளவு நேரம். சமையற்கட்டில் அந்தப் பாத்திரம் டேக்சா, டேனரியில் டிரம். செய்முறைத் தாளுக்கு இரண்டு இடத்திலும் ரெசிபி என்றுதான் பெயர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எல்லாம் 2019 நவம்பர் வரை ஒரே வேலூர் மாவட்டம். இன்று மூன்று மாவட்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. பிரிந்தாலும் கல்யாணத்துக்கு டேக்சா ஏற்றும் பண்டாரியும் டிரம்மை ஓட்டும் டெக்னீஷியனும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்களாகவே இருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் கொள்ளளவுப் பாடம் சுத்தமானது. 1,000 மில்லிலிட்டர் ஒரு லிட்டர், 1,000 லிட்டர் ஒரு கிலோலிட்டர்; புள்ளியை மூன்று இடம் நகர்த்தினால் விடை. அந்தக் கணக்கில் வரும் பால்காரரும் தொட்டி கட்டுபவரும் லிட்டரிலேயே பேசுவார்கள். வேலையிடத்தில் அப்படி இல்லை. பண்டாரி படியில் பேசுவார், மளிகைக்காரர் கிலோவில், டெக்னீஷியன் சதவீதத்தில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கிலோலிட்டரிலும் மில்லிகிராமிலும். ஒருவர் கணக்கை இன்னொருவர் கணக்காக மாற்றும் இடத்தில்தான் உதைக்கிறது. டேக்சாவையும் டிரம்மையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உதைக்கும் இடங்கள் ஏறத்தாழ ஒன்றே. ஒரே ஒரு வேறுபாடு மட்டும் பெரியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் படி. பழைய வாய்பாட்டில் 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். ஆழாக்குக்குக் கீழே செவிடு உண்டு. 5 செவிடு ஓர் ஆழாக்கு, ஒரு செவிட்டுக்கு 360 நெல். பெருக்கினால் படிக்கு 14,400 நெல். செவிட்டிலும் கலத்திலும் மட்டும்தான் 5-உம் 12-உம் வருகின்றன. நடுவில் உள்ளது முழுக்க இரண்டால் பெருக்கும், இரண்டால் வகுக்கும் கணக்கு. இதற்குக் காரணம் எளிது: பாதியாக்குவதற்குக் கருவி வேண்டாம். நேர்ச்சுவருள்ள ஒரு படியில் எண்ணெயை நிறைத்து மெல்லச் சாயுங்கள். எண்ணெய் வழிந்து, அதன் மட்டம் ஒரு பக்கம் வாய் விளிம்பையும் எதிர்ப்பக்கம் அடிவிளிம்பையும் ஒருசேரத் தொடும்போது நிறுத்துங்கள். உள்ளே மிஞ்சியிருப்பது சரியாக அரைப்படி. அந்த அரைப்படி கொள்ளும் உரியை நிறைத்து அதையும் அப்படியே சாய்த்தால் கால்படி, அதாவது உழக்கு. பத்தில் ஒரு பங்கு வேண்டுமென்றால் இந்த வித்தை பலிக்காது; கோடு போட்ட குவளை வேண்டும்.

ஒரு படி எத்தனை லிட்டர் என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. ஆழாக்கை 168 மில்லிலிட்டர் என்று வைக்கும் பட்டியல்களின்படி படி 1,344 மில்லிலிட்டர். பழைய பட்டணம் படி அதைவிடப் பெரியது, ஒன்றரை லிட்டருக்கும் மேல். வணிகத்தில் இந்தக் குழப்பம் கூடாது என்றுதான் 1956-இல் எடை, அளவுத் தரச் சட்டம் வந்தது. 1958-இல் தொடங்கி 1962-க்குள் மெட்ரிக் முறை கட்டாயமாயிற்று. இப்போது நடப்பில் உள்ள சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இல் நிறைவேறி 2011 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. படியில் விற்றால் குற்றம். ஆனால் படியில் சமைத்தால் குற்றமில்லை. அதனால் படி கடையை விட்டுப் போய் சமையற்கட்டில் தங்கிவிட்டது. “பாய், எத்தனை படி போடலாம்?” என்று கேட்டுத்தான் பல வீடுகளில் கல்யாணப் பிரியாணிப் பேச்சு இன்றும் ஆரம்பிக்கிறது.

படி சமையலில் நின்றதற்குப் பழக்கம் மட்டும் காரணமல்ல. ஒரு படி அரிசிக்கு ஒன்றரைப் படித் தண்ணீர் என்றால், அந்தப் படி பட்டணத்துப் படியா ஆம்பூர்ப் படியா என்பது பொருட்டே இல்லை. அரிசியை அளந்த பாத்திரத்திலேயே தண்ணீரையும் அளந்தால் படியின் கொள்ளளவு இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது. வேதியியல்காரர் இதை விகிதம் என்பார். பண்டாரிக்கு அது கைவாகு.

டிரம்முக்குள்ளும் லிட்டர் கிடையாது. டேனரியின் ரெசிபித் தாளில் எல்லாமே சதவீதம். பிக்கிள் என்று சொல்லும் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்பு போட்டு மயிர் நீக்கி, சதை சீவி, சுண்ணாம்பை இறக்கிய தோலை, பதப்படுத்தும் குரோம் உப்பு ஏறுவதற்குத் தோதாக உப்பிலும் அமிலத்திலும் போடுவது பிக்கிள். தாளில் இப்படி இருக்கும்: தண்ணீர் 80, உப்பு 8, சல்ஃபியூரிக் ஆசிட் 1.2. டிரம்மில் 1,000 கிலோ தோல் என்றால் 800 லிட்டர் தண்ணீர், 80 கிலோ உப்பு, 12 கிலோ ஆசிட். 3,000 கிலோ என்றால் எல்லாம் மூன்று மடங்கு. தாள் மாறாது, தோலின் எடை மட்டும் மாறும். படியைப் போலவே சதவீதமும் தன் அடிப்படையைத் தானே கொண்டுவருகிறது.

இதில் ஒரு மறைமுகமான வசதி இருக்கிறது. தண்ணீர் 80 சதவீதம் என்பது எடைக்கு எடை. ஆனால் தண்ணீரை யாரும் நிறுப்பதில்லை. மீட்டரிலோ தொட்டியிலோ லிட்டராக அளந்து விடுகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் இது செல்கிறது. மெட்ரிக் முறையைப் பிரான்சில் வகுத்தவர்கள் தெரிந்தேதான் அப்படி வைத்தார்கள். 1795-இல் கிராமையே ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடையாகத்தான் வரையறுத்தார்கள். ஆங்கிலேயர் காலத்து காலனிலும் இந்தச் சூழ்ச்சி உண்டு: 10 பவுண்டு தண்ணீர் ஒரு காலன். 1,000 பவுண்டு தோலுக்கு 80 சதவீதம் என்றால் 80 காலன். அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர்தான் என்பதால் அங்கே இது ஒத்துவராது.

தண்ணீரைத் தவிர வேறு எந்தத் திரவமும் இந்தச் சலுகையைத் தராது. டேக்சாவும் டிரம்மும் முதலில் வழுக்கும் இடம் இதுதான், அதுவும் எதிரெதிர்த் திசையில்.

டேக்சாவைப் பாருங்கள். பழைய கணக்கில் அரிசியும் தண்ணீரும் படி. இன்று அரிசி மூட்டையாக, கிலோவில் வருகிறது. 60 கிலோ அரிசி. ஒன்றுக்கு ஒன்றரை என்று யாரோ சொல்ல, 90 லிட்டர் தண்ணீர் விட்டால் என்ன ஆகும்? அந்த ஒன்றரை படிக்குப் படி சொன்னது. ஒரு லிட்டர் கொள்ளளவில் அரிசி ஏறக்குறைய 850 கிராம்தான் நிற்கும். இடையில் காற்று இருக்கிறது. 60 கிலோ அரிசி சுமார் 70.6 லிட்டர் இடம் பிடிக்கும். ஒன்றரை மடங்கு 106 லிட்டர். கிலோவை லிட்டராக வைத்தவர் 16 லிட்டர் குறைத்துவிட்டார். சோறு நடுவில் விறைத்து நிற்கும். பழி அடுப்புக்காரர் தலையில் விழும்.

டிரம்மில் அதே வழுக்கல் மறுபக்கம். 12 கிலோ ஆசிட் என்பதை 12 லிட்டர் என்று எடுத்து ஊற்றினால், செறிந்த சல்ஃபியூரிக் ஆசிட் லிட்டருக்கு 1.84 கிலோ என்பதால், உள்ளே போனது 22 கிலோ. சரியான அளவு ஆறரை லிட்டர்தான். பி.எச். 2.8-இல் நிற்க வேண்டியது அதற்கும் கீழே இறங்கும். உப்பு போதாமல் இருந்தால் தோல் புளிப்பில் ஊதிவிடும். ஊதிய தோல் பிறகு என்ன செய்தாலும் பழைய பலத்துக்கு வராது. உப்பு போதுமான அளவு இருந்து தோல் தப்பினாலும், குரோம் போட்ட பிறகு அந்த அமிலத்தைத் தணிக்க அதிகப்படியாகச் சோடா போட வேண்டும். அது முழுதும் உப்பாக மாறிக் கழிவோடு போகும். நிறுத்துப் போடும் டேனரியில் இந்தத் தவறு நடக்காது. கேனில் இருக்கும் கோட்டைப் பார்த்து ஊற்றும் இடத்தில் நடக்கும். நன்றாக நடக்கும் டேனரிகளில் ஆசிட் குவளையில் லிட்டர்க் கோட்டுக்குப் பக்கத்திலேயே கிலோக் கோட்டையும் பெயின்ட்டில் போட்டு வைப்பது உண்டு. எத்தனையோ பயிற்சி வகுப்புகளைவிட அந்த ஒரு கோடு உபகாரம்.

எண்ணெய் நடுவில் நிற்கிறது. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம், பாக்கெட்டிலும் அச்சிட்டிருக்கும். இதிலும் விளையாட முடியும் என்பது 2022-இல் வெளிச்சத்துக்கு வந்தது. சூட்டில் எண்ணெய் விரியும். அதே ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் 893 கிராம். 60 டிகிரி என்று பொடி எழுத்தில் போட்டு எடையைக் குறைத்து நிரப்பும் வழக்கம் இருந்தது. வெப்பநிலையைச் சொல்லாமல் அளவையும் எடையையும் சரியாக அச்சிட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தி, 2023 ஜனவரி 15 வரை அவகாசம் கொடுத்தது. 60 டிகிரியில் எண்ணெய் வாங்கும் அடுப்படி எங்கே இருக்கிறதோ!

ஆசிட்டைப் பற்றி இன்னொரு சின்னக் கணக்கு. அதை நேராக டிரம்மில் ஊற்றக் கூடாது. பத்து மடங்கு தண்ணீரில் கரைத்து, ஆறவிட்டு, மூன்று தவணையாக விட வேண்டும். கரைக்கும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை விட வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை விட்டால் கொதித்துத் தெறிக்கும். 12 கிலோவுக்கு 120 லிட்டர். ஆக, 80 சதவீதம் என்று எழுதிய தண்ணீர் உண்மையில் 92. சில ரெசிபிகளில் இந்தத் தண்ணீரும் சேர்த்தே எழுதியிருக்கும், சிலவற்றில் இருக்காது. பிரியாணியிலும் இதே கதைதான்: தயிரும் தக்காளியும் கறியும் விடும் தண்ணீரை எந்தச் செய்முறையும் எண்ணிச் சொல்வதில்லை. பண்டாரியின் கண்ணுக்கு அது தெரியும்.

கண், நாக்கு, விரல் என்றால் பண்டாரி. கருவி என்றால் டெக்னீஷியன் என்று பிரிப்பதும் அவ்வளவு சரியில்லை. உப்புத் தண்ணீரில் பாமே மீட்டரை மிதக்கவிட்டு 6-க்கும் 8-க்கும் இடையே நிற்கிறதா என்று டெக்னீஷியன் பார்க்கிறார். பண்டாரி ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கிறார். வேக்காடு பார்க்க ஒரு பருக்கையை விரலிடுக்கில் நசுக்கி, நடுவில் வெள்ளைப் புள்ளி நிற்கிறதா என்று பண்டாரி பார்ப்பார். டெக்னீஷியன் தோலின் தடித்த ஓரத்தைக் கத்தியால் வெட்டி, வெட்டுமுகத்தில் புரோமோகிரிசால் கிரீன் ஒரு சொட்டு விடுவார். முழுக்க மஞ்சளானால் அமிலம் நடுவரை போய்விட்டது. நடுவில் நீலக்கோடு தெரிந்தால் இன்னும் ஓட வேண்டும். இருவருமே எவ்வளவு ஊற்றினோம் என்பதை நம்பாமல், எவ்வளவு உள்ளே போயிற்று என்று பார்க்கிறார்கள்.

இனி, எங்கே துல்லியமாக அளக்க வேண்டும், எங்கே வேண்டாம் என்ற கேள்வி. இரண்டு தொழிலுக்கும் இதில் ஒரே அறிவுதான். ஆம்பூர் முறையில் சீரகச் சம்பாவைத் தனியே முக்கால் வேக்காட்டில் வடித்து, கறி மசாலாவோடு சேர்த்துத் தம் போடுகிறார்கள். வடிக்கும் முறையில் தண்ணீர் கூடினால் கெடுதி இல்லை; தாராளமாக விட்டு, வெந்ததும் கொட்டிவிடலாம். நான் மேலே சொன்ன 16 லிட்டர்ப் பிழை இங்கே யாரையும் ஒன்றும் செய்யாது. அரிசியும் தண்ணீரும் ஒன்றாக வற்றும் முறையில்தான் ஒவ்வொரு படியும் பேசும். தப்பை மன்னிக்கும் முறை, மன்னிக்காத முறை என்று வைத்துக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைக்கும் ஊர் மன்னிக்கும் முறையைத் தேர்ந்ததில் ஆச்சரியமில்லை.

டிரம்மில் இரண்டு முறையும் ஒரே தோலுக்கு வெவ்வேறு கட்டத்தில் வருகின்றன. உப்புத் தோலை ஊறப்போடும்போது 300 சதவீதத் தண்ணீர். அங்கே 280 ஆனாலும் 320 ஆனாலும் தோல் ஊறிவிடும், உப்பும் இரத்தமும் கழன்றுவிடும். குரோம் கட்டத்துக்கு வந்தால் கணக்கு இறுகுகிறது. 1,000 கிலோ தோலுக்கு 8 சதவீதம், அதாவது 80 கிலோ குரோம் உப்பு. 800 லிட்டரில் அது லிட்டருக்கு 100 கிராம். தண்ணீரை 400 லிட்டராக்கினால் லிட்டருக்கு 200 கிராம். போட்ட குரோம் அதே 80 கிலோதான், ஆனால் தோலைச் சுற்றியுள்ள நீரில் அதன் செறிவு இரட்டிப்பு. தோல் கூடுதலாக உறிஞ்சும், கழிவில் குரோம் குறையும். இந்தத் திசையிலேயே போய்ப் போய், சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தண்ணீரே விடாமல் குரோம் ஏற்றும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது. ரெசிபியில் தண்ணீருக்கு நேரே பூஜ்யம். தம்மில் இருக்கும் டேக்சாவுக்கும் புதுத் தண்ணீர் பூஜ்யம்தான்.

இந்தத் துல்லியம் தோல் தொழிலில் வந்தது சமீபத்தில்தான். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுக் குழிகளில் தோலை வாரக்கணக்கில் ஊறவைத்த காலத்தில், தோல் முழுகும்வரை தண்ணீர் என்பதே போதுமான அளவாக இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்ததும், முழுப்பதத் தோலும் காலணியும் செய்ய வேண்டியதாயிற்று; குரோம் பெருகிற்று. வாரக்கணக்கு மணிக்கணக்கானது, கைக்கணக்கு சதவீதமானது.

சதவீதத்துக்குள் ஒளிந்திருக்கும் கேள்வி ஒன்று உண்டு: எதில் நூறு? ஊறப்போடும்போது சதவீதம் உப்புத் தோலின் எடைமேல். பிக்கிளிலும் குரோமிலும், சதை சீவிய ஈரத் தோலின் எடைமேல். சாயம் போடும்போது, குரோம் ஏற்றிச் சீவி மெலிதாக்கிய ஈரத் தோலான வெட் புளூவின் எடைமேல். ஒரே தோல்தான், மூன்று முறை தராசில் ஏறுகிறது, மூன்று முறையும் வேறு எடை. கடைசிக் கட்டத்தின் 100 சதவீதத் தண்ணீர், முதல் கட்டத்தின் 100 சதவீதத்தில் ஒரு சிறு பங்குதான். ஒரு கட்டத்துக் கணக்கை இன்னொரு கட்டத்தில் வைத்துப் பேசினால் பேச்சே கெட்டுவிடும். டேக்சாவிலும் இது உண்டு: அரை மணி ஊறிய அரிசி ஒரு படியும் காய்ந்த அரிசி ஒரு படியும் ஒன்றல்ல. கிலோவுக்குக் கிலோ கறி என்பதில் எலும்பு சேர்த்தியா என்ற சண்டையை நான் இங்கே தொடப்போவதில்லை.

இந்தக் கேள்வி சமையற்கட்டில் சண்டையோடு முடிகிறது. தோலில் அது உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சட்ட மாணவர்கள் அத்தனை பேரும் படிக்கும் தீர்ப்பு அது. அதில் ஒரு வரி: ஒரு கிலோ முடிவுற்ற தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. தோல் தொழில்நுட்பப் புத்தகங்களிலும் 30 முதல் 40 லிட்டர் என்ற அதே எண்தான் இருக்கிறது. ஆனால் அங்கே அது ஒரு கிலோ பச்சைத் தோலுக்கு.

ஒரு டன் பச்சைத் தோலிலிருந்து கிடைக்கும் முடிவுற்ற தோல் 200 முதல் 250 கிலோ. மற்றதெல்லாம் மயிர், சதை, சீவல், துண்டு, ஈரம். 250 கிலோ என்றே வைப்போம். புத்தகக் கணக்கின்படி டன்னுக்கு 35,000 லிட்டர். முடிவுற்ற தோலின் கிலோவுக்கு 140 லிட்டர். தீர்ப்பின் வரியை எழுத்துக்கு எழுத்து எடுத்தால் 250 கிலோவுக்கு 8,750 லிட்டர்தான். நான்கு மடங்கு வித்தியாசம். 35 என்ற எண் சரி, லிட்டர் சரி, கிலோ சரி. எந்தக் கிலோ என்பதில் தண்ணீரின் முக்கால் பங்கு காணாமல் போகிறது. தீர்ப்பின் நியாயத்தை இது தொடவில்லை. தொட்டால், மாசின் அளவு தீர்ப்பில் சொன்னதைவிடப் பெரிது என்றுதான் ஆகும். ஆனால் அந்த வரியைக் கட்டுரைக்குக் கட்டுரை எடுத்தெழுதுகிறவர்கள் பென்சிலால் ஒருமுறை வகுத்துப் பார்க்கலாம்.

இப்போது அந்தப் பெரிய வேறுபாடு. டேக்சாவின் தண்ணீர் சாப்பிடுகிறவர்களோடு போய்விடுகிறது. வடித்த கஞ்சித் தண்ணீர் கொஞ்சம் சாக்கடைக்குப் போகும். டிரம்மின் தண்ணீரோ ஏறக்குறைய முழுதும் வெளியே வருகிறது. வாசலைத் தாண்டியதும் சதவீதத்துக்கு அங்கே செல்வாக்கில்லை. லிட்டர்தான் பேச வேண்டும், அதுவும் பெரிய லிட்டர். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்லும் குழாயில் மீட்டர் கிலோலிட்டர் காட்டும். ஊர்க் குடிநீர் திட்டங்கள் ஒரு நாளைக்கு இத்தனை மில்லியன் லிட்டர் என்று பேசும். அணைக்கு டி.எம்.சி.; ஒரு டி.எம்.சி. சுமார் 2,832 கோடி லிட்டர். ஒரே தண்ணீருக்கு வாசலுக்கு வாசல் வேறு வேறு அளவு.

கணக்குக்காக ஒரு டேனரி நாளைக்கு 5 டன் பச்சைத் தோல் போடுகிறது என்று வைப்போம். கிலோவுக்கு 35 லிட்டர் என்றால் 1,75,000 லிட்டர். 175 கிலோலிட்டர். 0.175 மில்லியன் லிட்டர். கடைசியாகச் சொன்ன வடிவத்தில் எவ்வளவு அடக்கமாகத் தெரிகிறது பாருங்கள். 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் 15 நடை. நகரத்தில் ஆளுக்கு 135 லிட்டர் என்ற விதிப்படி ஏறக்குறைய 1,300 பேரின் ஒரு நாள் தண்ணீர். கிராமத்துக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்த 55 லிட்டர் விதிப்படி 3,180 பேருடையது. மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் வரவழைத்துக் குடிக்கும் ஊர்களில், கடைசி இரண்டு எண்களுக்குத்தான் கனம் அதிகம். எந்த அலகில் சொல்வது என்பது பல சமயம் எதை மறைப்பது என்பதாகவும் இருக்கிறது.

உப்புக்கு வருவோம். வெளியே விடும் கழிவு நீரில் கரைந்த உப்புகளுக்கு விதி வைத்த வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். இதைச் சமையற்கட்டு மொழிக்கு மாற்றினால் லிட்டருக்கு 2.1 கிராம், அதாவது 0.21 சதவீதம். (10,000 மில்லிகிராம் ஒரு சதவீதம் என்பது மனதில் இருந்தால் போதும்.) 50 லிட்டர் உலைத் தண்ணீரில் ஒரு கிலோ உப்புப் போட்டால் அது 2 சதவீதம், லிட்டருக்கு 20,000 மில்லிகிராம். பண்டாரி வடித்துக் கொட்டும் தண்ணீர் வரம்பைப் போல ஒன்பதரை மடங்கு! ஆனாலும் யாரும் கல்யாண மண்டபத்துக்கு நோட்டீஸ் அனுப்புவதில்லை, அனுப்பவும் வேண்டாம். 100 லிட்டர் வடிநீரில் போவது 2 கிலோ உப்பு.

டேனரியின் 175 கிலோலிட்டர் கலப்புக் கழிவில் லிட்டருக்கு 15,000 மில்லிகிராம் என்று வைப்போம்; பச்சைத் தோலிலிருந்து தொடங்கும் டேனரிக்கு இது மிகையான எண் அல்ல. லிட்டர்க் கணக்கில் பார்த்தால் பண்டாரியின் உலைத் தண்ணீரைவிட இது உப்புக் குறைந்தது. பெருக்கிப் பாருங்கள்: 1,75,000 லிட்டர், லிட்டருக்கு 15 கிராம், மொத்தம் 2,625 கிலோ. ஒரு நாளைக்கு.

மில்லிகிராம் கணக்கு மட்டும் வைத்திருந்தால் இதில் இரண்டு வேடிக்கை நடக்கும். 2,625 கிலோ உப்பை 1,250 கிலோலிட்டர் தண்ணீரில் கரைத்தால் சரியாக லிட்டருக்கு 2,100. ஆக, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து 1,075 கிலோலிட்டர் நல்ல தண்ணீரை இறைத்துக் கழிவோடு கலந்தால் விதி நிறைவேறிவிடும்; கழிவு போய்ச் சேரும் பாலாற்றுக்கு ஒரு கிராம் உப்பும் குறையாது, நிலத்தடி நீர் மட்டும் இறங்கும். மறுபக்கம், நேர்மையாகத் தண்ணீரைச் சிக்கனம் செய்து 175-ஐப் பாதியாக்கிய டேனரியின் கழிவு லிட்டருக்கு 30,000 மில்லிகிராமாக எகிறும். தாளில் அது இரட்டைக் குற்றவாளியாகத் தெரியும். தண்ணீரைக் குறைப்பதும் உப்பைக் குறைப்பதும் வேறு வேறு வேலை. உப்புப் போடாமல் பச்சைத் தோலைக் குளிரில் வைத்துக் கொண்டுவருவது, தோலில் ஒட்டியிருக்கும் உப்பை ஊறப்போடும் முன்பே தட்டி உதிர்ப்பது, பிக்கிள் தண்ணீரை மறுபடி பயன்படுத்துவது ஆகியவை உப்பைக் குறைக்கும். டிரம்மில் தண்ணீரைக் குறைப்பது உப்பைச் செறிவாக்கும், அவ்வளவுதான்.

வேலூர்ப் பகுதிச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவு நீரை வெளியே விடக் கூடாது என்ற கட்டத்துக்கு வந்ததன் பின்னணியில் இந்த ஓட்டை இருக்கிறது. கழிவைச் சவ்வு வழியே அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரித்து டேனரிக்கே திருப்புகிறார்கள்; மிஞ்சும் கரைசலைக் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். காகிதத்தில் லிட்டர் பூஜ்யமாகிவிட்டது. உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30-இல் மறுபடியும் வேலூர்த் தோல் கழிவு வழக்கில் தீர்ப்பு எழுதி, அது நிறைவேறுகிறதா என்று தொடர்ந்து கண்காணிக்கப்போவதாகச் சொல்லியிருப்பதைப் பார்த்தால், காகிதத்துப் பூஜ்யத்தை நீதிபதிகளும் முழுதாக நம்பவில்லை என்று தெரிகிறது.

காய்ச்சியபின் அடியில் தங்குவது சோடியம் குளோரைடும் சல்ஃபேட்டும் கலந்த கலப்பு உப்பு. தோலுக்குத் திரும்பப் போட அது சுத்தம் போதாது. சமையலுக்குக் கேட்கவே வேண்டாம். பிரித்தெடுத்துத் திருப்பிப் பயன்படுத்தும் முயற்சிகள் நடக்கின்றன. பிரிக்காதது மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் ஏறுகிறது. லிட்டரில் அளக்க அதில் எதுவும் இல்லை. மழை பெய்து கூரை ஒழுகினால் மறுபடி மில்லிகிராம் கணக்குக்குள் வந்துவிடும் என்பதால், கொட்டகைக்கு நல்ல கூரை வேண்டும்.